மணலுக்கும் படகுக்கும் ஒரு யூட்: ரேஞ்சர், ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ட்ரைட்டன், ஷார்க் – எது சரி?

பிரிஸ்பேனில் புது யூட் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் முதல் கேள்வி "எத்தனை டன் இழுக்கும்?" என்பதுதான். இங்கே பிக்கப் வண்டிக்கு யூட் என்று பெயர். ஷோரூமிலும் இதே பேச்சு. ஃபோர்டு ரேஞ்சர், டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், மிட்சுபிஷி ட்ரைட்டன் என்று நான்கு டீசல் வண்டிகளும் 3,500 கிலோ இழுக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் இழுக்க வேண்டியது நாலரை மீட்டர் அலுமினியப் படகு ஒன்று. டிரெய்லர், மோட்டார், பெட்ரோல், ஐஸ் பெட்டி எல்லாவற்றோடும் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தோம். 680 கிலோ வந்தது. ஆஸ்திரேலியச் சட்டப்படி 750 கிலோவுக்குள் இருந்தால் டிரெய்லருக்குத் தனி பிரேக்கே தேவையில்லை. மடக்குக் கூடார டிரெய்லர் ஒன்றை வாடகைக்கு எடுத்தாலும் 1,200 கிலோவைத் தாண்டாது. ஆக, 3,500 என்ற எண் எங்களுக்கு எந்த விதத்திலும் உதவாது. வருஷத்தில் ஐந்தாறு தடவை மணலில் ஓட்டப் போகிறோம், அங்கேதான் வண்டிக்கு வண்டி வித்தியாசம் தெரியும். இந்த அலசலை அதனால் மணலிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் மணல் என்றால் பெரும்பாலும் பிரிஸ்பேனுக்கு வடக்கே இருக்கும் கரி தீவு (K'gari). 2023 வரை ஃப்ரேசர் தீவு என்ற பெயரில் இருந்தது; இப்போது அங்குள்ள புட்சுல்லா மக்கள் வைத்த பழைய பெயரையே அரசு திரும்பக் கொடுத்திருக்கிறது. இன்ஸ்கிப் முனையில் பார்ஜில் (வண்டிகளை ஏற்றிச் செல்லும் தட்டைப் படகு) ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்கரை. கிழக்குப் பக்கம் 75 மைல் கடற்கரை. அது கடற்கரை மட்டுமல்ல, சட்டப்படி சாலையும்கூட. ஈர மணலில் அதிகபட்சம் 80 கிலோமீட்டர் வேகம், சீட் பெல்ட், போலீஸ் சோதனை எல்லாம் உண்டு. வண்டிக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஓதம் (கடல் நீர்மட்டம்) உச்சத்துக்கு வரும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் ஓட்டாமல் இருக்க வேண்டும். அப்போது கெட்டியான மணல் முழுவதும் தண்ணீருக்குள் போய்விடும், மேலே பொலபொலவென்ற மணல்தான் மிஞ்சும்.

அந்தப் பொலபொல மணலில் நாங்கள் ஒரு முறை மாட்டிக்கொண்டோம். பார்ஜுக்குப் போகும் வழியில், இன்ஸ்கிப்பிலேயே. நண்பரின் வண்டி, நாலு சக்கரமும் ஓடும், ஆனால் தாழ்வானது. டயரில் 35 பி.எஸ்.ஐ காற்று. இருபது மீட்டர் போனதும் வண்டி வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்தக் குழி ஆழமானதுதான் மிச்சம். கூட வந்த ஊர்க்கார அண்ணன் ஒருவர் இறங்கி, மண்வெட்டியைக்கூடத் தொடாமல், "தம்பி, முதல்ல காத்தை எறக்குப்பா" என்றார். நாலு டயரிலும் 18-க்கு இறக்கினோம். சீறிக்கொண்டு காற்று வெளியேற, டயரின் அடிப்பாகம் மெல்லப் பரந்தது. அவர் மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார்: முன்பு ஒரு சாண் நீளம் தரையைத் தொட்ட டயர், இப்போது ஒன்றரைச் சாணுக்கு மேல். சக்கரங்களுக்கு முன்னால் இருந்த மணலைக் கையால் ஒதுக்கிவிட்டு மெல்ல ரிவர்ஸ் எடுத்தோம். வண்டி தானாக ஏறி வந்தது.

யூட் தேர்வில் இதற்கு என்ன சம்பந்தம்? காற்றை இறக்கினால் பரவுவதற்கு டயரின் பக்கச் சுவரில் உயரம் வேண்டும். 265/65 ஆர்17 டயரில் (265 மில்லிமீட்டர் அகலம், அதில் 65 சதவீதம் சுவர் உயரம், 17 அங்குலச் சக்கரம்) அந்தச் சுவர் சுமார் 172 மில்லிமீட்டர். 265/60 ஆர்18-இல் 159. ஹைலக்ஸ் எஸ்ஆர்5, டி-மேக்ஸ் எக்ஸ்-டெரெய்ன், ட்ரைட்டன் ஜிஎல்எஸ் ஆகியவற்றில் வருவது இந்த 18 அங்குல அளவுதான், மணலுக்குப் போதும். ரேஞ்சர் வைல்ட்ட்ராக்கில் கூடுதல் காசு கொடுத்து 20 அங்குலச் சக்கரம் போட்டுக்கொள்ளலாம். பார்க்க அழகு. சுவர் உயரமோ 140 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். கடற்கரைக்குப் போகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம். விலை குறைந்த வகைகளில் சிறிய சக்கரமும் உயரமான டயரும் வருவதால், மணலில் அவை மேல் வகைகளுக்கு எந்த விதத்திலும் இளைத்தவை அல்ல.

அடுத்தது எடை. டி-மேக்ஸ், ஹைலக்ஸ், ட்ரைட்டன் மூன்றும் தோராயமாக 2.1 டன். வி6 ரேஞ்சர் அதற்கு மேல் இன்னும் இருநூறு கிலோ. பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் பிஒய்டி ஷார்க் 6 பேட்டரியோடு சேர்த்து 2.7 டன். ஒரே டயர், ஒரே காற்று என்றால் கனமான வண்டிதான் முதலில் புதையும். கெட்டி மணலில் இது தெரியாது. ஓதம் ஏறி, மேல் மணலுக்கு ஒதுங்க வேண்டி வரும்போது தெரியும்.

சரி, இப்போது எனக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்: நாலு சக்கர இயக்கம் எப்படி அமைந்திருக்கிறது என்பது.

ஹைலக்ஸும் டி-மேக்ஸும் பழைய பாணி. சாதாரண நேரத்தில் பின் சக்கரங்கள் மட்டும். குமிழைத் திருப்பினால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மணலில் இதைவிட நம்பகமானது கிடையாது. ஆனால் பூட்டிய நிலையில் தார்ச் சாலையில் திரும்பக் கூடாது. திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும், பூட்டு அதை விடாது. வண்டி இழுத்து இழுத்து நிற்கும், உள்ளே கியர்கள் முறுக்கிக்கொள்ளும். படகு இறக்கும் சாய்தளத்தில் இது நன்றாகத் தெரிகிறது. பாசி படிந்த ஈரக் கான்கிரீட்டில் படகை மேலே இழுக்கும்போது பின் சக்கரம் மட்டும் ஓடினால் வழுக்கிச் சுழலும். நாலு சக்கரத்தைப் போட்டு இழுத்தால் ஏறிவிடும். மேலே வந்து, காய்ந்த தரையில் ஸ்டியரிங்கை ஒடிப்பதற்குள் ஞாபகமாக மாற்ற வேண்டும். பின்னால் நாலு வண்டி காத்திருக்கும்போது அந்த ஞாபகம் வருவதில்லை.

ட்ரைட்டனின் ஜிஎல்எஸ், ஜிஎஸ்ஆர் வகைகளில் இருக்கும் சூப்பர் செலக்ட் 2 இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. அதில் நடுவில் ஒரு டிஃபரென்ஷியல் (முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் கியர் அமைப்பு) இருப்பதால், 4எச் என்ற நிலையில் போட்டுவிட்டுத் தார்ச் சாலையிலேயே நாலு சக்கரத்தோடும் ஓட்டலாம், எந்தத் திருப்பத்திலும் முறுக்காது. மணல் வந்ததும் குமிழை ஒரு படி திருப்பினால் நடுவில் பூட்டிக்கொள்ளும்; அப்புறம் அது டி-மேக்ஸ் மாதிரியே வேலை செய்யும். ஆழ மணலிலும் ஏற்றத்திலும் மெதுவாக, அதிக விசையோடு நகர உதவும் குறைந்த வேகக் கியரும் உண்டு. மழையில் நனைந்த சாலையில் படகை இழுத்துக்கொண்டு வளைவில் திரும்பும்போது அந்தப் பிடிமானம் கையிலேயே தெரிகிறது. என் மனைவியும் ஓட்டுவாள், மகனும் கற்றுக்கொள்ளப் போகிறான். எப்போது மாற்ற வேண்டும் என்று யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லாத வண்டி எங்களுக்குப் பெரிய நிம்மதி.

வி6 ரேஞ்சரிலும் இதே வசதி வேறு வழியில் இருக்கிறது. 4ஏ என்ற நிலையில் போட்டால் தேவையான நேரத்தில் முன் சக்கரத்துக்கும் சக்தியை அதுவே அனுப்பும். மணலுக்குத் தனி ஓட்டும் முறை உண்டு. 3 லிட்டர் எஞ்சின், 184 கிலோவாட், 600 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, பத்து வேகத் தானியங்கி கியர். ஓட்டிப் பார்த்தால் மற்ற நான்கையும் மறக்கடிக்கிற வண்டி இதுதான், அதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆஸ்திரேலியப் பொறியாளர்கள் முன்னின்று உருவாக்கியது. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் இந்த நாட்டில் அதிகம் விற்ற வண்டி. மென்மணலில் வேகம் இறங்கும்போது கால் வைத்தவுடன் கிடைக்கும் அந்த இழுவை மற்ற டீசல்களில் இல்லை. ஆனால் 680 கிலோ படகுக்கு 600 நியூட்டன் மீட்டர் தேவையா? விலை ட்ரைட்டனைவிடப் பல ஆயிரம் டாலர் அதிகம். நாளை இரண்டரை டன் கேரவன் வாங்கும் எண்ணம் இருக்கிறவர்கள் யோசிக்காமல் இதையே எடுக்கலாம். எங்களுக்கு அந்த எண்ணம் இல்லை.

ஹைலக்ஸைப் பற்றிச் சுருக்கமாக. 2016 முதல் 2022 வரை ஏழு ஆண்டுகள் ஆஸ்திரேலியாவின் நம்பர் ஒன் வண்டி. 2020-இல் அதன் 2.8 லிட்டர் டீசலை 150 கிலோவாட், 500 நியூட்டன் மீட்டர் என்று உயர்த்தினார்கள். எந்தச் சின்ன ஊரிலும் உதிரி பாகம் கிடைக்கும், பத்து வருஷம் கழித்து விற்றாலும் நல்ல விலை வரும். வேறு எந்தக் காரணத்துக்காகவும் இதை மற்றவற்றுக்கு மேலே வைக்க எனக்குத் தோன்றவில்லை. பின் இருக்கையில் வளர்ந்த பிள்ளைகள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தால் முதலில் முணுமுணுப்பு வருவது இந்த வண்டியில்தான்.

டி-மேக்ஸை அப்படித் தள்ளிவிட முடியாது. 3 லிட்டர் எஞ்சின் வெறும் 140 கிலோவாட், 450 நியூட்டன் மீட்டர்தான். தாளில் நான்கு டீசலிலும் இதுதான் கடைசி. மணலில் ஓட்டும்போது அப்படித் தெரியாது, ஏனென்றால் அது அலட்டிக்கொள்ளாமல் குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும். எஞ்சினை அலறவிடாமல் ஒரே சீராகப் போவதுதான் மணலுக்கு வேண்டியது. 800 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்கிறார்கள் (ரேஞ்சருக்கும் அதே அளவு, ஹைலக்ஸுக்கு 700). 2023 இறுதியில் வந்த மாடலிலிருந்து கரடுமுரடான இடங்களுக்கென ஓட்டும் முறை ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். சுழலும் சக்கரத்தை முன்பைவிட வேகமாகப் பிடித்து நிறுத்துகிறது. மஸ்தா பிடி-50-உம் அடியில் இதே வண்டிதான், வெளித்தோற்றம் மட்டும் வேறு. பேரம் படியும் பக்கம் வாங்கிக்கொள்ளலாம். தனியாகத் தொலைதூரம் போகிறவராக, பதினைந்து வருஷம் ஒரே வண்டியை வைத்துக்கொள்கிறவராக நான் இருந்தால் இதைத்தான் எடுத்திருப்பேன்.

ஷார்க் 6-ஐ ஓட்டிப் பார்த்தபோது மகன் இறங்கவே மாட்டேன் என்றான். ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் இரண்டு மின் மோட்டார்களும் சேர்ந்து 321 கிலோவாட். 2024 கடைசியில் வந்தபோது 57,900 டாலர், பதிவுச் செலவு தனி. இழுவை 2,500 கிலோ. எங்கள் படகுக்குத் தாராளம். முகாமில் அடுப்பையும் ஃப்ரிட்ஜையும் வண்டியிலேயே செருகிக்கொள்ளலாம். வாரநாளில் வேலைக்குப் போகிற தூரத்தை மின்சாரத்திலேயே ஓட்டி முடித்துவிடலாம். இந்த விலைக்கு இவ்வளவும் தருகிறார்கள் என்பது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் குறைந்த வேகக் கியர் கிடையாது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இரும்பில் இணைப்பும் கிடையாது. கரி தீவுக்குக் குறைந்த வேகக் கியருள்ள, தரையிலிருந்து உயரமான வண்டிகளையே பூங்காத் துறை பரிந்துரைக்கிறது. அங்குள்ள ங்காலா பாறைகளின் மணல் ஏற்றத்தில் 2.7 டன்னை அந்தக் கியர் இல்லாமல் ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை. பிரைபி தீவு மாதிரி பக்கத்துக் கடற்கரைக்கு மட்டும் போகிற குடும்பத்துக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

உப்பு எந்த வண்டியையும் விடாது. ட்ரைட்டனிலும் டி-மேக்ஸிலும் பின்னால் டிரம் பிரேக். ஒருமுறை கடற்கரையிலிருந்து வந்து பின் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் தட்டினேன். ஒரு கைப்பிடி மணல் கொட்டியது. அதுவரை பிரேக் போடும்போதெல்லாம் கேட்ட கரகரப்புக்குக் காரணம் அதுதான். வி6 ரேஞ்சரில் பின்னாலும் டிஸ்க் என்பதால் தண்ணீர் பீய்ச்சினாலே போய்விடும். இந்த விஷயத்தில் அதற்கு முழு மதிப்பெண். எந்த வண்டியானாலும் வீடு திரும்பிய அன்றே அடிச்சட்டத்தின் துளைகளுக்குள் குழாயை விட்டு, வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும். டிரெய்லரின் சக்கர பேரிங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஆழத் தண்ணீர் கடக்கும் எண்ணை நம்பி அலையில் இறக்கிவிடாதீர்கள். அது ஓடைக்குச் சொன்ன எண்.

டேங்க் கணக்கையும் போட்டுவிடுகிறேன். ரேஞ்சர், ஹைலக்ஸ் 80 லிட்டர், டி-மேக்ஸ் 76, ட்ரைட்டன் 75, ஷார்க் 60. மென்மணல் எரிபொருளைக் குடிக்கும். தீவில் கிடைக்கும், விலைதான் கசக்கும். ட்ரைட்டனுக்கு ஆட்ப்ளூவும் (டீசல் புகையைச் சுத்தம் செய்யும் திரவம்) ஊற்ற வேண்டும். அது தீர்ந்தால் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்பதால், கிளம்பும் முன் அளவைப் பார்ப்பது எங்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

ட்ரைட்டன் ஜிஎல்எஸ்ஸுக்கு முன்பணம் கட்டியாயிற்று. 2.4 லிட்டர், 150 கிலோவாட், 470 நியூட்டன் மீட்டர். நிறுவனத்தின் டீலரிடமே சர்வீஸ் செய்தால் பத்து வருஷம் அல்லது 2 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி. விற்பனையாளர் பெரிய சக்கரம், பளபளக்கும் கம்பி என்று ஒரு பட்டியல் நீட்டினார். எல்லாவற்றையும் அடித்துவிட்டு, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு இழுவைக் கொக்கி, ஒரு நல்ல காற்று பம்பு, காற்றழுத்தமானி என்று எழுதிக் கொடுத்தேன். மண்வெட்டியை ஊர்க்கார அண்ணன் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.