வேன் தண்ணீர்த் தொட்டி: குளோரினா, சிட்ரிக் அமிலமா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் முகாம் வேனில் சுற்றுவோர் ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டியில் நிரப்பும்போது இரண்டு தொல்லைகள் தலைகாட்டுகின்றன. இரண்டுக்கும் மருந்து வேறு.

உட்சுவரை விரலால் தேய்த்தால் வழுவழுப்பு ஒட்டி, குழாயைத் திறந்ததும் வாடை வீசினால் அது நுண்ணுயிர்களின் வேலை; குளோரின் தரும் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி வீதம் கலந்து, எல்லாக் குழாய்களிலும் குளோரின் வாடை வரும்வரை ஓடவிட்டு, பல மணி நேரம் ஊறவைத்து, பின் வாடை நீங்கும்வரை அலச வேண்டும். பிளீச்சிங் பவுடர் சுண்ணாம்பு வண்டலைச் சேர்ப்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

வெள்ளைப் பொருக்கு சொரசொரவெனப் படிந்து, குழாய் முனையில் நீர் மெலிந்தால் அது கடின நீரின் படிவு. அதைக் கரைப்பது சிட்ரிக் அமிலமே.

இரண்டும் தேவையெனில் முதலில் அமிலம், நன்றாக அலசிய பிறகே குளோரின். ஒன்றோடொன்று கலந்தால் நச்சு வாயு எழும் என்பதை யாரும் இலேசாக எண்ணிவிடக் கூடாது.

இவ்வட்டார நிலத்தடி நீரில் மிகுந்திருக்கும், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடை இவ்விரண்டும் நீக்கா, கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஆகவே குடிப்பதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் காவிரி நீரைத் தனிக் கேனில் பிடித்துக்கொள்வதே நல்லது.