ஏபிஐ சால்ட்வாட்டர் மாஸ்டர் டெஸ்ட் கிட்: 38 நாள் தண்ணீரைப் பழக்கிய பிறகு

போன வருஷம் எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் மூன்று டாம்செல் மீன்கள் ஒன்பதே நாளில் செத்துப்போயின. கடைசி மீனை எடுத்த அன்றைக்கு என் மகள் தொட்டி முன்னால் நின்று, "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கேம்மா, அப்புறம் ஏன்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். எல்லார் ரத்தமும் பார்க்க ஒரே சிவப்புதான், அளந்தால்தான் சர்க்கரையும் யூரியாவும் தெரியும் என்பது என் தினப்படி வேலை. அப்படிப்பட்ட நான் அந்தத் தண்ணீரை ஒரு தடவைகூட அளக்கவில்லை.

"டாம்செல் கெட்டி மீனுக்கா, அதைப் போட்டுத் தண்ணியைப் பழக்குங்க" என்று கடையில் சொன்னார்கள். பல கடைகளில் இதைத்தான் சொல்கிறார்கள். நம் உடம்பில் உண்டாகும் அமோனியாவை ஈரல் யூரியாவாக மாற்றிவிடுகிறது. மீன் அதை அப்படியே செவுள் வழியாகத் தண்ணீரில் விடுகிறது. பழகிய தொட்டியில் ஒரு வகை பாக்டீரியா அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா இருக்காது. கடல் தண்ணீரின் பிஎச் 8-க்கு மேல் இருப்பதால் அமோனியாவின் விஷமும் நன்னீரைவிட அதிகம். அந்த மூன்று மீன்களும் தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணறிச் செத்தன. அதைச் செய்தது நான்தான்.

அதனால் இந்த முறை மீனுக்கு முன்னால், தண்ணீரை அளக்கும் இந்த ஏபிஐ டெஸ்ட் கிட்டை வாங்கினேன். நான் வாங்கியபோது மூவாயிரம் ரூபாயைத் தாண்டியது. விலையைக் கேட்டு எங்க வீட்டுக்காரர், "தண்ணில முக்கிப் பார்க்கிற ஸ்ட்ரிப் வாங்கினா போதாதா?" என்றார். நான் பார்த்த ஸ்ட்ரிப்புகளில் அமோனியாவுக்கான கட்டமே இல்லை. புதுத் தொட்டிக்கு முதலில் தேவைப்படுவதே அதுதான்.

பெட்டிக்குள் பிஎச், அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் நான்குக்கும் சொட்டு மருந்து பாட்டில்கள், மூடியோடு கண்ணாடிக் குழாய்கள், நிற அட்டைகள். 550 சோதனைக்கு மேல் வரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. வாங்கும்போது பாட்டிலில் உள்ள லாட் எண்ணைப் பாருங்கள். அதன் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த மாதமும் வருஷமும். ரொம்பப் பழையது என்றால் வேறு கேளுங்கள்.

என் தொட்டி இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பாறையும் மணலும் போக ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. வீட்டு ஆர்ஓ தண்ணீரில் டிடிஎஸ் 60 காட்டியதால் அதன் பின்னால், மிச்ச உப்பையும் பிடிக்கும் டிஐ ஃபில்டர் ஒன்றை மாட்டி பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தேன். உப்பு மூன்றே முக்கால் கிலோ பிடித்தது, அடர்த்தி 1.025. பாறை வாங்கப் போன கடையில் உயிருள்ள பவளம் ஒட்டிய கல்லை உள்ளேயிருந்து எடுத்துவந்து காட்டினார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், கடலில் உயிரோடு இருப்பதைப் பெயர்த்து என் கூடத்தில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. செயற்கைப் பாறைதான் போட்டேன். பாக்டீரியாவுக்கு, இரண்டு வருஷமாகக் கடல்நீர்த் தொட்டி ஓட்டும் தோழி வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி மணல்.

மீன் இல்லாமல் அமோனியாவுக்கு எங்கே போவது? சிலர் இறால் துண்டைப் போட்டு அழுகவிடுகிறார்கள். வீடே நாறும், எவ்வளவு அமோனியா வந்தது என்ற கணக்கும் இருக்காது. நான் நவச்சாரம் போட்டேன். கும்பகோணத்தில் அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தபோது, ஈயம் பூசுகிறவர் காய்ந்த பித்தளைப் பானைக்குள் பஞ்சால் நவச்சாரத்தைத் தேய்க்க, வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழும்பும். அதே அமோனியம் குளோரைடுதான். ஆனால் ஈயம் பூசுகிற கடைச் சரக்கைத் தொட்டியில் போடாதீர்கள், அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று தெரியாது. பாரிமுனைப் பக்கம் லேப் கெமிக்கல் கடையில் சுத்தமானதாக வாங்கினேன். 100 லிட்டருக்கு 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அமோனியா வர 0.63 கிராம் போதும். நகை எடை போடும் சின்னத் தராசில் நிறுத்தேன்.

அமோனியா சோதனை இப்படி: குழாயில் 5 மி.லி. கோடுவரை தொட்டித் தண்ணீர், முதல் பாட்டிலில் 8 சொட்டு, இரண்டாவதில் 8 சொட்டு, குலுக்கி ஐந்து நிமிஷம். பாட்டிலைத் தலைகீழாக நேர்குத்தாகப் பிடிக்க வேண்டும், சாய்த்தால் சொட்டின் அளவு மாறிவிடும். தண்ணீர் மட்டம் குழாயில் கிண்ணம் போலக் குழிந்து நிற்கும், அந்தக் குழியின் அடிப்பாகம் கோட்டைத் தொட வேண்டும். மஞ்சள் என்றால் அமோனியா இல்லை. பச்சை ஏற ஏற அமோனியா கூடுதல். தொட்டியின் நீல எல்இடி வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாமே பச்சையாகத்தான் தெரியும். காலையில் ஜன்னல் ஓரத்தில், அட்டையின் வெள்ளைப் பகுதியில் குழாயை ஒட்டவைத்துப் பார்ப்பேன். 0-க்கும் 0.25-க்கும் நடுவே கண்ணுக்குக் கொஞ்சம் தடுமாற்றம் வரும். அப்போது பக்கத்திலேயே இன்னொரு குழாயில் வெறும் ஆர்ஓ தண்ணீரை எடுத்து அதே சோதனையைச் செய்து இரண்டையும் ஒப்பிடுவேன். வேலையிடத்தில் பிளாங்க், அதாவது ஒன்றும் கலக்காத வெறும் மாதிரி, வைத்துப் பார்க்கும் அதே பழக்கம்.

மூன்றாம் நாள் அமோனியா 2. ஒன்பதாம் நாளும் 2. பொறுமை போய்விட்டது. பன்னிரண்டாம் நாள் பச்சை வெளுத்து 1-க்கு வந்தது, நைட்ரைட் குழாயில் வான நீலத்துக்குள் மெல்லிய ஊதா ஒன்று கலங்கியது. மகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டினேன். கண்ணுக்கே தெரியாத ஒரு உயிர் உள்ளே வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்த ஊதா ஒன்றுதான் சாட்சி. தண்ணீர் அன்றைக்கும் அதே கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

பத்தொன்பதாம் நாள் அமோனியா பூஜ்ஜியம். மறுபடி 2 பிபிஎம் போட்டேன், இரண்டே நாளில் தின்று தீர்த்தது. ஆனால் நைட்ரைட் அட்டையின் உச்சமான 5-லேயே நின்றது, அடர் ஊதா. ஒரு வாரம் அப்படியே. சைக்கிள் (தண்ணீர் பழகும் இந்த வேலைக்கு மீன்காரர்கள் வைத்த பேர்) நின்றுபோய்விட்டது, தண்ணீரைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பி என்று ஆளாளுக்குச் சொல்வது இந்த இடத்தில்தான். நிற்கவில்லை, அட்டையில் அளவுதான் தீர்ந்துபோயிருந்தது. ஊசி இல்லாத சிரிஞ்சில் 1 மி.லி. தொட்டித் தண்ணீரும் 4 மி.லி. ஆர்ஓ தண்ணீரும் கலந்து சோதித்தேன். 2 காட்டியது, ஐந்தால் பெருக்கினால் 10. மூன்று நாள் கழித்து அதே முறையில் 1, அதாவது 5. இறங்கிக்கொண்டிருந்தது! இந்தக் கலப்பு முறை தெரியாமல் எத்தனை பேர் நல்ல தொட்டியைக் கொட்டியிருப்பார்களோ.

இதெல்லாம் சித்திரை வெயிலில் நடந்தது. தண்ணீர் 31 டிகிரி. மேலே ஒரு சின்ன ஃபேன் வைத்ததும் 28-க்கு வந்தது, ஆனால் தினமும் ஒன்றரை லிட்டர் ஆவியாகும். குறைந்ததை ஆர்ஓ தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கிறது.

முப்பத்தாறாம் நாள் நைட்ரைட் தெளிந்த நீலம். கடைசிப் பரீட்சையாக இன்னொரு முறை 2 பிபிஎம் அமோனியா போட்டேன். 24 மணி நேரம் கழித்து அமோனியாவும் பூஜ்ஜியம், நைட்ரைட்டும் பூஜ்ஜியம்.

பிறகு நைட்ரேட் பார்த்தேன். மஞ்சள், அதாவது பூஜ்ஜியம். என் வயிறு கலங்கியது. மூன்று தடவை போட்ட அமோனியா எங்கே போயிருக்கும்? யோசித்துப் பார்த்ததில் தப்பு என்னுடையது. நைட்ரேட்டின் இரண்டாம் பாட்டிலில் மருந்து அடியில் உறைந்து தங்கும். அதை 30 விநாடி பலமாகக் குலுக்கச் சொல்லித் தாளில் தெளிவாகவே போட்டிருக்கிறது, நான் அவசரத்தில் விட்டுவிட்டேன். பாட்டிலை மேஜை விளிம்பில் தட்டி, கை வலிக்கக் குலுக்கி, 10 சொட்டு விட்டு, குழாயையும் ஒரு நிமிஷம் குலுக்கி வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் செம்மஞ்சள் ஏறிச் சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது, 20 பிபிஎம். கணக்குக்குச் சரியாக வந்தது. இன்னொன்று, நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் அளவை நம்பாதீர்கள். இந்தச் சோதனை நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது, ஏற்கெனவே இருக்கும் நைட்ரைட்டும் சேர்ந்துகொள்ளும்.

மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் மீன் சந்தைக்குப் போய் ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்கினோம். கடலில் பிடித்தது இல்லை, தொட்டியிலேயே பொரித்து வளர்த்தது. விழிஞ்ஞத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் இந்த மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். நீங்களும் பண்ணையில் வளர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

கிட்டில் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். உப்பின் அடர்த்தியை இது அளக்காது, ரிஃப்ராக்டோமீட்டர் தனியாக வாங்க வேண்டும். பவளம் வளர்க்கத் தேவையான கால்சியம், காரத்தன்மைச் சோதனைகளும் இதில் கிடையாது. மீன் மட்டும் வைக்கிறவர்களுக்கு இந்த நான்கு போதும். நைட்ரேட்டின் முதல் பாட்டிலில் அமிலம் இருக்கிறது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சோதித்த தண்ணீரைத் தப்பித்தவறிக்கூடத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

மீன் வந்து ஏழு வாரமாகிறது. ஒவ்வொரு ஞாயிறும் காலையில் நான் சொட்டு விட, மகள் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லி, நோட்டில் எண்ணை எழுதுகிறாள். பெரிய மீன் பம்ப் பக்கத்து மூலையைத் தன்னுடையதாக்கிக்கொண்டது, சின்னது அதற்குப் பின்னாலேயே உறங்குகிறது. அமோனியா பாட்டில்கள் மட்டும் பாதிக்குக் கீழே வந்துவிட்டன. அது தனியாகவும் விற்கிறது, தீர்ந்ததும் அதை மட்டும் வாங்கிக்கொள்வேன்.