பழைய மைனிங் மெஷின் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

டெலிகிராம் குழுக்களில் செகண்ட்ஹேண்ட் பிட்காயின் மைனிங் மெஷின் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விற்றவனின் ஐடியைப் போடவில்லை. அது அதற்குள் மாறிவிட்டது, போட்டும் பயனில்லை. ஏமாற்றும் முறை மட்டும் மாறாது என்பதால் அதை விவரமாகச் சொல்கிறேன்.

2024 ஏப்ரலில் ஹால்விங், அதாவது மைனிங் பரிசு பாதியாகும் நிகழ்வு, நடந்து ஒரு பிளாக்குக்கான (பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு) பரிசு 6.25 பிட்காயினிலிருந்து 3.125 ஆகக் குறைந்தது. மின்கட்டணம் அதிகமான இடங்களில் எஸ்19 வகை மெஷின்களை ஓட்டினால் கட்டுப்படியாகாத நிலை. பழசைக் கழித்துவிட்டுப் புதுசுக்கு மாறியவர்கள் நிறையப் பேர். நான் வாங்கியது ஆன்ட்மைனர் எஸ்19ஜே ப்ரோ, 100 டெரா ஹாஷ் (வினாடிக்கு நூறு லட்சம் கோடி கணக்கு போடும் வேகம்), இரண்டு மெஷின். தயாரித்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் புகார் எல்லாம் விற்றவன் மேலும், அவனுக்குச் சாட்சி சொன்ன குழு மேலும்தான்.

அந்த ஐடி குழுவில் பல வருடமாக இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் அட்மின் கொடுத்த ‘நம்பகமான விற்பனையாளர்’ பட்டம். விலை கேட்டு நான் ஒரு வரி போட்டதுமே, “அண்ணன்கிட்ட கண்ணை மூடிட்டு வாங்கலாம்”, “நான் மூணு மெஷின் எடுத்தேன், சூப்பரா ஓடுது” என்று வரிசையாக வவுச், அதாவது நற்சான்று, வந்து விழுந்தது. வீடியோ காலில் மெஷின் ஓடுவதைக் காட்டினான், ஸ்டிக்கரில் இருந்த சீரியல் எண்ணைக் காட்டினான். எஸ்க்ரோ, அதாவது சரக்கு சரியாக இருக்கிறதா என்று தெரியும்வரை பணத்தை மூன்றாம் ஆள் பிடித்து வைக்கும் ஏற்பாடு, வேண்டும் என்றேன். “அட்மினே எஸ்க்ரோ பார்ப்பாரு ப்ரோ” என்றான். அட்மினும் கமிஷன் வாங்கிக்கொண்டு ஒத்துக்கொண்டார். டாலர் மதிப்போடு கட்டிய கிரிப்டோ காசான யூஎஸ்டிடியில் பணம் அட்மினிடம் போனது.

மெஷின் உடனே வரவில்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். மைனிங்கில் தாமதம் என்பதே நஷ்டம்தான். 2016 பிளாக்குக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, டிஃபிகல்ட்டி, அதாவது ஒரு பிளாக்கைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்ற அளவு, மாற்றியமைக்கப்படுகிறது. புது மெஷின்கள் சேரச் சேர அது ஏறுகிறது, அதே மெஷின் தரும் காசு குறைகிறது. இது புது வித்தையும் இல்லை. அமெரிக்காவில் பட்டர்ஃபிளை லேப்ஸ் என்ற நிறுவனம் முன்பணம் வாங்கிக்கொண்டு மெஷின்களை அனுப்பாமலும், காலாவதியான பிறகு அனுப்பியும் ஏமாற்றியதாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2014-இல் வழக்குப் போட்டது. வாடிக்கையாளர் காசில் செய்த மெஷின்களை வைத்துத் தாங்களே மைனிங் செய்தார்கள் என்பதும் அந்தப் புகாரில் உண்டு. என் மெஷின்கள் அந்த வாரங்களில் எங்கே ஓடிக்கொண்டிருந்தன என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

ஒருவழியாக வந்து சேர்ந்தன. ஆன் செய்தேன். மெஷினின் வெப் பக்கத்தில் இரண்டும் நூறைத் தொட்டன. பூல் (பலர் சேர்ந்து மைனிங் செய்து பரிசைப் பங்கிட்டுக்கொள்ளும் சேவை) பக்கத்தில் 24 மணி நேர சராசரி வரட்டும், அதுவரை பணத்தை விடாதீர்கள் என்று அட்மினிடம் சொன்னேன். “ஆன் ஆயிடுச்சுல்ல ப்ரோ, ஸ்க்ரீன்ஷாட்ல நூறு காட்டுதே” என்று சொல்லி அன்றைக்கே பணத்தை விடுவித்துவிட்டார். எஸ்க்ரோ என்ற பெயரில் அவர் செய்த வேலை அவ்வளவுதான்.

மறுநாள் பூல் கணக்கைப் பார்த்தால் முதல் மெஷின் எண்பதைக்கூடத் தாண்டவில்லை. பூல் சொல்லும் ஹாஷ்ரேட் (மெஷினின் வேகம்) நாம் அனுப்பும் ஷேர்களை (வேலை செய்ததற்கான சான்றுகளை) வைத்துப் போடும் கணக்கு என்பதால் மணிக்கு மணி ஏறி இறங்கும், அது சகஜம். ஆனால் 24 மணி நேர சராசரி ஓரிரு சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. இங்கே ஐந்தில் ஒரு பங்கைக் காணோம். சரி, கணக்குப் போடும் சிப்கள் இருக்கும் ஹாஷ்போர்டு ஒன்று படுத்துவிட்டதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. வாட் மீட்டரில் 3,050-ஐ ஒட்டி வந்தது, அது இந்த மாடலுக்கு உரிய அளவு. மூன்று போர்டில் ஒன்று செத்திருந்தால் கரன்ட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்க வேண்டும். மெஷின் முழு மூச்சில் உழைக்கிறது, கூலி வேறு எங்கோ போகிறது என்று அப்போது புரிந்தது.

ரவுட்டரில் அந்த மெஷினின் வெளித்தொடர்புகளைத் திறந்து பார்த்தேன். நான் கொடுத்த பூல் முகவரி இருந்தது. கூடவே நான் எங்கேயும் எழுதாத இன்னொரு முகவரியும் இருந்தது. அதற்கு ஒவ்வொரு மணி நேரத்திலும் கொஞ்ச நேரம் இணைப்பு போகும், பிறகு துண்டித்துக்கொண்டு என் பூலுக்குத் திரும்பும். அந்த இடைவெளியிலும் வெப் பக்கம் என் பூல் பெயரையே காட்டிக்கொண்டு நூறு என்று கூசாமல் பொய் சொன்னது. மாற்றப்பட்ட ஃபர்ம்வேர் (மெஷினை இயக்கும் உள்மென்பொருள்) செய்த வேலை. வெப் பக்கத்திலிருந்து அசல் ஃபர்ம்வேரை ஏற்றப் பார்த்தேன், ‘வெற்றி’ என்று காட்டிவிட்டுப் பழையபடியே எழுந்தது. கடைசியில் மெமரி கார்டு வழியாக கன்ட்ரோல் போர்டையே துடைத்து ஏற்றிய பிறகுதான் வெப் பக்கமும் பூலும் ஒத்துப்போயின. மாற்று ஃபர்ம்வேர் போடுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. வெளிப்படையாக இத்தனை சதவீதம் கட்டணம் என்று சொல்லி எடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், தெரிந்தே போட்டுக்கொள்ளலாம். இது அந்த ரகம் இல்லை, திருட்டு.

இரண்டாவது மெஷின் சில நாள் ஒழுங்காக ஓடிவிட்டு மூன்றில் இரண்டு பங்காக இறங்கியது. மெஷினின் பதிவேடான லாக்கில் ஒரு போர்டில் 126 சிப் இருக்க வேண்டிய இடத்தில் 0 என்று வந்தது. கழற்றிப் பார்த்தேன். ஹீட்சிங்க்குகள் சில கோணலாகத் திரும்ப ஒட்டப்பட்டிருந்தன, சிப்களைச் சுற்றி சால்டர் செய்யும்போது படியும் ஃப்ளக்ஸ் கறை. மற்ற இரண்டு போர்டிலும் படிந்திருந்த தூசி இதில் மட்டும் இல்லை. எங்கோ செத்ததைத் தட்டி உயிர் கொடுத்து இதில் சொருகியிருக்கிறார்கள். கேட்டதற்கு, “டிரான்சிட்ல அடிபட்டிருக்கும் ப்ரோ” என்று ஒரு வரி. அப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டான்.

குழுவில் படங்களோடு எல்லாவற்றையும் போட்டேன். ‘அண்ணன் பெயரைக் கெடுக்கிறான்’ என்று அதே வவுச் கூட்டம் பாய்ந்தது. சற்று நேரத்தில் என் பதிவு நீக்கப்பட்டு, எனக்கு எழுதும் அனுமதியும் போனது. கமிஷன் வாங்கியவரே நீதிபதியாகவும் இருந்தால் வேறு என்ன நடக்கும்.

பழைய உறுப்பினர் ஒருவர் தனியாக எழுதினார். அந்த ஐடியின் பழைய செய்திகளைத் தேடிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். 2021-இல் அந்த ஆள் கிராஃபிக்ஸ் கார்டில் எத்தேரியம் மைனிங் செய்துகொண்டிருந்தவர். யாராவது தெர்மல் பேஸ்ட் பற்றிக் கேட்டால்கூடப் பொறுமையாகப் பத்தி பத்தியாகப் பதில் எழுதியிருக்கிறார். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தேரியம் மைனிங் தேவைப்படாத ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக் முறைக்கு மாறி, கார்டு வைத்து அதில் மைனிங் செய்வதே முடிவுக்கு வந்ததல்லவா, அதோடு அவரும் மௌனமாகிவிட்டார். நீண்ட இடைவெளிக்குப் பிறகு அதே ஐடி திரும்பி வந்தபோது பேச்செல்லாம் “ஸ்டாக் இருக்கு ப்ரோ”, “டிஎம் ப்ரோ” மட்டும்தான். ஐடி கைமாறியிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பட்டம் பழைய ஆளின் உழைப்புக்குக் கிடைத்தது, அதை அனுபவித்தது வேறொருவன். வவுச் போட்ட ஐடிகளையும் தேடினேன். அவற்றில் பெரும்பாலானவை மைனிங் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை, வவுச் போடுவதைத் தவிர அந்தக் குழுவில் அவற்றுக்கு வேறு வேலையே இல்லை.

இதற்கு நடுவே இன்னொரு கூத்து. புகார் போட்ட அன்று இரவே, “உங்கள் யூஎஸ்டிடியை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்” என்று செய்திகள் வர ஆரம்பித்தன. ஒன்று அட்மின் பெயரிலேயே வந்தது, படமும் அவருடையதுதான். ஐடியை எழுத்தெழுத்தாகப் பார்த்தால், ஆங்கிலச் சின்ன எல் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஐ. கண்ணுக்கு இரண்டும் ஒரே கோடு. பிளாக்செயினில் உறுதியான பரிமாற்றத்தை யாரும் திருப்ப முடியாது. யூஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனத்தால் ஒரு முகவரியை முடக்க முடியும், ஆனால் அது காவல்துறை போன்ற அமைப்புகள் வழியாக நடக்கும் வேலை. டெலிகிராமில் முன்பணம் கேட்கிறவன் அதைச் செய்து தரப்போவதில்லை.

இனி வாங்குகிறவர்கள் வீடியோவையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் கணக்கில் எடுக்காதீர்கள். மெஷினில் உங்கள் பூல் கணக்கைப் போட்டு ஒரு நாள் ஓட்டச் சொல்லி, உங்கள் பக்கத்து எண்ணைப் பாருங்கள். அதிலும் ஒரு ஓட்டை உண்டு. ஹாஷ்ரேட்டை வாடகைக்கு எடுத்து உங்கள் பூலுக்குத் திருப்பிவிட்டு, மெஷின் ஓடுவதாகக் காட்டிவிடலாம். அதனால் நீங்கள் சொல்லும் நேரத்தில் வீடியோ காலில் அந்த மெஷினைக் காட்டியபடியே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள். பூலில் ஷேர் வருவது நிற்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். எஸ்க்ரோ விதியில் ‘பூலின் 24 மணி நேர சராசரி, வாட் மீட்டர், மூன்று போர்டின் லாக்’ என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அவர் எஸ்க்ரோ இல்லை, விற்பவனின் கூட்டாளி. விற்பவனின் பழைய செய்திகளை முதல் நாளிலிருந்து படியுங்கள்.

அவன் இப்போது வேறு பெயரில், வேறு குழுவில் அதே படங்களைப் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறான். அலமாரியில் நான்கு மெஷின்கள், வலது ஓரத்து மெஷினின் முன்பக்க ஃபேன் கம்பியில் பச்சை கேபிள் டை ஒன்று தொங்கும். அந்தப் படம் உங்கள் குழுவில் வந்தால், பதில் போடாமல் அட்மினுக்கும் மற்றவர்களுக்கும் இந்தப் பதிவை அனுப்பிவிடுங்கள்.