‘டார்க்’: யோனாஸ் முழுசாக அழியவில்லை

2017 முதல் 2020 வரை நெட்ஃபிளிக்ஸில் மூன்று சீசன்களாக வந்த ஜெர்மன் தொடர். விண்டன் ஊரில் காணாமல் போகும் சிறுவன் மிக்கெல், 33 வருடம் பின்னால், 1986-இல் போய் நிற்கிறான். அதற்கப்புறம் யார் யாருக்கு அப்பா, யார் யாருக்கு மகள் என்று தலை சுற்றும். பேப்பரில் வம்சாவளி எழுதிக்கொண்டே பாருங்கள்.

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கதாநாயகன் யோனாஸும் அவன் காதலி மார்த்தாவும் முடிவில் அடியோடு இல்லாமல் போய்விட்டார்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன். கடைசி விருந்தில் கரண்ட் போய் வருகிறது. யோனாஸின் அம்மா ஹன்னாவின் பார்வை ஒரு மஞ்சள் மழைக்கோட்டில் போய் நிற்கிறது. யோனாஸ் எப்போதும் போட்டுக்கொண்டு திரிந்த அதே மஞ்சள்! வயிற்றுப் பிள்ளைக்குப் பெயர் கேட்டால், யோனாஸ் என்கிறாள். ஏதோ ஒன்று மிச்சம் இருக்கத்தான் செய்கிறது.

மூன்றாவது சீசனின் நடுப்பகுதி கொஞ்சம் அவசரம். ஆனாலும் ஜெர்மன் ஒலியிலேயே, சப்டைட்டிலோடு பாருங்கள். டப்பிங்கில் அந்தக் குரல்களின் பாரம் போய்விடுகிறது.