புள்ளியை நகர்த்திப் பார்க்கும் முறை: மூன்று ஆண்டு அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், முதலில் என் மகளுக்கும் பின்னர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வடிவியல் சொல்லிக் கொடுத்து வருகிறேன். கணக்கை விரைவாக முடிக்க உதவும் சில வழிகளை 2022 முதல் மூன்று ஆண்டுகள் விடாமல் கையாண்டதில் எது நிலைத்தது, எது நழுவியது என்பதை எழுதுகிறேன்.

இங்கே ஒரே பிள்ளை இருவேறு குணமுள்ள தேர்வுகளை எழுத வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழகங்கள் சில கேட்கும் நேஷனல் பெஞ்ச்மார்க் தேர்வின் கணிதத் தாளில் சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வான மெட்ரிக்கின் கணித இரண்டாம் தாளிலோ, 150 மதிப்பெண்ணில் ஏறத்தாழ 50 யூக்ளிட் வடிவியலுக்கும் அளவியலுக்கும் உரியவை. 2014 முதல் கட்டாயமாகிவிட்ட அந்தப் பகுதியில் ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே காரணம் எழுதியாக வேண்டும்.

எனக்கு மிகவும் பயன்பட்டது புள்ளியை நகர்த்தும் முறைதான். வட்ட மையம் ஓ, மையக்கோணம் ஏஓபி 100 பாகை, பெரிய வில்லின் மேல் சி என்றொரு புள்ளி, கோணம் ஏசிபி எவ்வளவு என்று கேட்டால், சி அந்த வில்லில் எங்கிருந்தாலும் விடை மாறாது என்பதைக் கேள்வியே சொல்லாமல் சொல்லிவிடுகிறது. ஆகவே ஏசி விட்டமாகும் இடத்துக்கு சி-யைத் தள்ளிவிட்டால், ஓபிசி இருசமபக்க முக்கோணமாகிறது, 100 பாகை அதன் வெளிக்கோணம், விடை 50. சமபக்க முக்கோணத்தின் உள்ளே ஏதோ ஒரு புள்ளியிலிருந்து மூன்று பக்கங்களுக்கும் உள்ள செங்குத்துத் தூரங்களின் கூடுதலைக் கேட்டாலும் இப்படித்தான்: புள்ளியை உச்சிக்கே கொண்டுபோனால் இரண்டு தூரங்கள் பூச்சியமாகி, முக்கோணத்தின் உயரம் மட்டும் மிஞ்சுகிறது. பக்கம் 6 என்றால் 3√3. மின்வெட்டு மாலைகளில் அவசர விளக்கடியில் பிள்ளைகள் இதை மனத்துக்குள்ளேயே போட்டு முடித்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு இம்முறையின் மேல் முழு நம்பிக்கை வந்தது.

அந்த நம்பிக்கை ஒருமுறை காலை வாரியது. நான்கு முனைகளும் ஒரே வட்டத்தின் மேல் அமைந்த வட்ட நாற்கரம் ஒன்றில் ஒரு கோணம் எக்ஸ், எதிர்க்கோணம் என்ன என்ற கேள்விக்கு, ஒரு பையன் நாற்கரத்தைச் சதுரமாக்கிக்கொண்டான். எக்ஸ் 90 ஆனதும் ‘எக்ஸ்’ என்ற விடையும் ‘180 கழித்தல் எக்ஸ்’ என்ற விடையும் ஒன்றாகவே தெரிய, அவன் முதலில் கண்டதைக் குறித்துவிட்டான். அன்றிலிருந்து 90, 45, 60 போன்ற அழகான எண்களை எடுக்க நான் விடுவதில்லை. 70 அல்லது 110 என்று வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

பிதாகரஸ் மும்மைகளை மனப்பாடம் செய்வது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 15, 36 என்ற பக்கங்களைக் கண்டவுடன் 5, 12, 13-இன் மும்மடங்கு என்று தெரிந்தால் கர்ணம் 39 என்று எழுதிவிடலாம். 1521-இன் வர்க்கமூலத்தைத் தாளில் தேட வேண்டியதில்லை. காகித ஓரத்தை வைத்துப் படத்தை அளந்து பார்க்கும் வழியைச் சில மாதங்களிலேயே விட்டுவிட்டேன். அளவுப்படி வரையப்படாத படத்தை அளப்பதில் என்ன பயன்?

பெரிய குறை மெட்ரிக் பக்கம்தான். பள்ளி முன்தேர்வு ஒன்றில் என்னிடம் படித்த பெண் நிரூபணக் கேள்வியிலும் புள்ளியை நகர்த்திவிட்டு, விட்டத்துக்கு மட்டும் பொருந்துவதைப் பொதுவாகப் பொருந்துவதுபோல் எழுதியதால் மதிப்பெண் ஒன்றும் கிடைக்கவில்லை. தவறு என்னுடையது, எந்தத் தாளில் எதைக் கையாள்வது என்று நான் பிரித்துச் சொல்லியிருக்கவில்லை.

ஆயினும் நிரூபணத்துக்கு அம்முறை அறவே உதவாது என்றும் சொல்ல முடியாது. சென்ற ஆண்டு, மையக்கோணம் வட்டத்தின் மேலுள்ள கோணத்தைப் போல் இரு மடங்கு என்ற அதே மையக்கோணத் தேற்றத்தை நிரூபிக்கும்போது, என் மகள் சி-யை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, சி-யிலிருந்து ஓ வழியாக ஒரு கோட்டை இழுத்து வட்டத்தின் மறுபக்கம் வரை நீட்டினாள். நகர்த்தியபோது கிடைத்த அதே விட்டம் இப்போது நடுவில் வந்து நிற்க, இருபுறமும் ஓர் இருசமபக்க முக்கோணம் கிடைத்தது. இரண்டு வெளிக்கோணங்களையும் கூட்டி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணத்தை எழுதினாள்.