ஸ்தாபனமா, தாய்ச்சபையா, சொந்த வேலையா? குடும்பத்தோடு மிஷனரியாகப் போய்த் தங்க மூன்று வழிகள்

குடும்பத்தோடு வேறு நாட்டுக்கு ஊழியத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிடுவது என்று முடிவாகிவிட்டால், அடுத்த கேள்வி யார் அனுப்புகிறார்கள் என்பதுதான். வழிகள் மூன்று. மிஷனரி ஸ்தாபனம் ஒன்றில் சேர்ந்து அதன் மூலமாகப் போகலாம். தாய்ச்சபையே நேராக அனுப்பலாம். அந்த நாட்டில் வேலையோ தொழிலோ பார்த்துக்கொண்டே ஊழியம் செய்யலாம். மூன்றாவதைக் கூடாரத் தொழில் ஊழியம் என்பார்கள். கொரிந்துவில் பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு தங்கிக் கூடாரம் செய்து பிழைத்ததால் (அப்போஸ்தலர் 18:3) வந்த பெயர் அது. அதே பவுல் பிலிப்பி சபை அனுப்பிய உதவியையும் வாங்கிக்கொண்டார் (பிலிப்பியர் 4:15, 16). எனவே எது வேதத்துக்கு ஒத்த வழி என்ற வாதத்தில் இறங்க வேண்டியதில்லை. மூன்றுக்கும் இடமுண்டு.

முதல் இரண்டு வருடத்தை வைத்துப் பார்த்தால் மூன்றும் நன்றாகவே தெரியும். ஜெபக்கூட்டம் நடக்கும், காணிக்கை வரும், எல்லோரும் விசாரிப்பார்கள். பத்தாவது வருடத்தை வைத்துப் பாருங்கள். மூத்த பிள்ளைக்குப் பதினாறு வயதாகியிருக்கும். வழியனுப்பிய போதகர் இருக்கமாட்டார். விசாவைப் பலமுறை புதுப்பித்திருப்பீர்கள். பெற்றோர் முதுமையில் இருப்பார்கள். அந்த வருடத்தைத் தாங்குகிற வழி எது என்பதே இங்கே அளவுகோல்.

பணம்

ஸ்தாபனங்களில் இரண்டு வகை உண்டு. சிலவற்றில் எல்லோருக்கும் பொது நிதியிலிருந்து சம்பளம். பலவற்றில் ஒவ்வொரு குடும்பமும் தன் ஆதரவாளர்களைத் தானே திரட்ட வேண்டும். யாரிடமும் கேட்பதில்லை என்று 1865-ல் ஹட்சன் டெய்லர் சீன உள்நாட்டு மிஷனைத் தொடங்கியபோது வைத்த கொள்கை இன்றும் மதிக்கப்படுகிறது. ஆனால் இன்றைய ஸ்தாபனங்கள் பெரும்பாலும் கேட்கச் சொல்லியே அனுப்புகின்றன. மாத வாக்குறுதிகள் பட்ஜெட்டை முழுதாக எட்டும்வரை டிக்கெட் போட விடமாட்டார்கள். இதற்கு ஒரு வருடம், சில சமயம் ஒன்றரை வருடம் பிடிக்கும். அழைப்பு வந்த வேகத்தில் இருப்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனால் இந்த வழியின் பெரிய பாதுகாப்பே இந்தத் தாமதம்தான். நாற்பது, ஐம்பது பேர் தாங்கும்போது நான்கு பேர் விலகினாலும் குடும்பம் நிற்கும்.

அந்த பட்ஜெட்டில் இருக்க வேண்டியவை: வீட்டு வாடகை, அன்றாடச் செலவு, பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, அவசர வெளியேற்றம், விசாக் கட்டணம், மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை குடும்பம் முழுவதும் வந்துபோகும் பயணம், ஓய்வுக்கால சேமிப்பு. நிர்வாகச் செலவுக்கு ஸ்தாபனம் வருமானத்தில் ஒரு பங்கைப் பிடிக்கும்; அது பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எதற்காகப் பிடிக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ரசீது, கணக்குத் தணிக்கை, குழுக் காப்பீடு, நெருக்கடியில் ஆளை வெளியே எடுக்கும் ஏற்பாடு எல்லாம் அதில் அடங்கினால் அது மலிவுதான்.

சபை நேராக அனுப்புவது வேகமான வழி. மூன்றே மாதத்தில் கிளம்பிவிடலாம். ஆபத்தும் அந்த வேகத்திலேயே இருக்கிறது. முழுச் செலவையும் ஒரே சபை ஏற்றால், அந்தச் சபையில் பிளவு வரும் நாளிலோ போதகர் மாறும் நாளிலோ ஆதரவு மொத்தமாக விழும். நான்கைந்து சபைகள் சேர்ந்து தாங்குவதும், எந்த ஒரு சபையின் பங்கும் பாதியைத் தாண்டாமல் பார்ப்பதும் நல்லது. எத்தனை வருடத்துக்கு, நிறுத்துவதானால் எத்தனை மாத முன்னறிவிப்பு என்பதைச் சபை மூப்பர்களின் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். ஆறு மாத முன்னறிவிப்பு குறைந்தபட்சம். இப்படிக் கேட்பது அவிசுவாசம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இன்னொன்றைச் சபைகள் கவனிப்பதே இல்லை. உள்நாட்டு அறப்பணிக்குப் பதிவான அமைப்பு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பச் சட்டம் இடம் தருகிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் பொருளாளர் தன் சொந்தக் கணக்கிலிருந்து மாதாமாதம் அனுப்புவார். ஒரு நாள் அங்குள்ள வங்கி, இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக் கணக்கை நிறுத்தும். பதில் சொல்லக் காகிதம் இருக்காது.

வேலை வழியில் முதல் மாதமே சம்பளம். யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் வேலை போனால் சம்பளம், விசா, காப்பீடு மூன்றும் ஒன்றாகப் போகும். வேறு வேலை தேடப் பல நாடுகள் தரும் அவகாசம் சில வாரங்களே. ஆறு மாதச் செலவு கையில் இல்லாமல் இந்த வழியில் குடும்பத்தோடு இறங்கக் கூடாது.

ஆதரவில் வாழ்பவர்களுக்கு நாணய மாற்று ஒரு தனிக் கண்டம். அனுப்பும் நாட்டு நாணயம் 15 சதவீதம் விழுந்தால், பழைய நிலைக்கு வர ஆதரவு 15 அல்ல, ஏறத்தாழ 18 சதவீதம் கூட வேண்டும் (100 கிடைத்த இடத்தில் 85 கிடைக்கிறது, 85-ஐ 100 ஆக்க வேண்டும்). பட்ஜெட்டில் பத்து சதவீதம் கூடுதலாகப் போட்டு, மூன்று மாதச் செலவைச் செலவழிக்கும் நாணயத்திலேயே வைத்திருப்பது ஓரளவு காப்பாற்றும்.

விசா: 'நிரந்தரம்' உடைகிற இடம்

நிரந்தரமாகப் போகிறோம் என்று நாம் சொல்லலாம். தீர்மானிப்பது குடியேற்ற அதிகாரி. ஜப்பானில் மதப் பணிக்கென்றே ஒரு தங்கும் தகுதி உண்டு; ஒரு தடவைக்கு 5 வருடம் வரை கிடைக்கும், புதுப்பிக்கலாம். அமெரிக்காவில் மதப் பணியாளருக்கான ஆர்-1 விசா முதலில் 30 மாதம் வரை, மொத்தம் 5 வருடம். அதற்கு விண்ணப்பிப்பவர் அதே சபைப் பிரிவில் முந்தைய 2 வருடமாவது உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். கிளம்புவதற்குச் சற்று முன்பு சபை மாறியவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். இத்தகைய விசாக்களுக்கு அந்த நாட்டில் சட்டப்படி பதிவான ஒரு மத அமைப்பு அழைக்க வேண்டும். ஸ்தாபனத்துக்கு அது ஏற்கெனவே இருக்கும். தனிச் சபை அனுப்பினால், அங்கே அழைக்கும் சபை யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அடுத்த அடி வைக்க முடியாது.

துணைவருக்கு என்ன அனுமதி என்பதைத் தனியாகப் பாருங்கள். ஜப்பானில் சார்ந்திருப்போர் தகுதியில் வருபவர் தனி அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அமெரிக்காவில் ஆர்-1 பெற்றவரின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் தரப்படும் ஆர்-2 விசாவில் வேலை செய்யவே முடியாது. தாதியாகவோ ஆசிரியையாகவோ இருந்த மனைவி வருடக்கணக்கில் வெறுமனே 'மிஷனரியின் மனைவி'யாக இருக்க வேண்டிவரும். அது அவருக்குச் சம்மதமா என்று கிளம்புமுன் கேட்காத குடும்பங்கள் பிறகு கேட்கும். பிள்ளைகளுக்கும் வயது வரம்பு உண்டு. ஆர்-2 விசா 21 வயது வரை. வேறு சில நாடுகளில் 18. அதோடு அந்தப் பிள்ளை, தான் வளர்ந்த நாட்டிலேயே அந்நியராகிவிடும்.

மதப் பணிக்கு விசாவே தராத நாடுகள் இருக்கின்றன. நேபாளத்தில் 2015-ல் வந்த அரசியலமைப்பே மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. தண்டனைச் சட்டப்படி குற்றவாளியான வெளிநாட்டவர் தண்டனைக்குப் பின் 7 நாளுக்குள் வெளியேற்றப்படுவார். இப்படிப்பட்ட இடங்களுக்கு வேலை வழி ஒன்றுதான் திறந்திருக்கிறது. ஆனால் வேலை விசா அந்தச் சட்டத்தை ரத்து செய்வதில்லை. சட்டம் பாயும்போது நமக்குக் கடைசியில் விமான டிக்கெட். கூட இருந்த உள்ளூர் விசுவாசிக்குச் சிறை. இதை எடைபோடாமல் போவது தைரியம் ஆகாது.

விசாவுக்காக மட்டும் பெயரளவில் கம்பெனி திறப்பதும் அதே ரகம். வாடிக்கையாளர் இல்லை, ஊழியர் இல்லை, வரி இல்லை. இரண்டாவது மூன்றாவது புதுப்பித்தலில் வரிக் கணக்கைக் கேட்பார்கள். அதற்கும் முன்னால் பக்கத்து வீட்டுக்காரர், நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குக் கணவனும் மனைவியும் பிள்ளையும் ஒரே உண்மையான பதிலைச் சொல்ல முடியவில்லை என்றால் அந்த வேடம் நிலைக்காது. ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1793-ல் வங்காளம் வந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி அவரிடம் இல்லை. முத்னாபதியில் அவுரித் தொழிற்சாலையை நிர்வகித்தார். அது உண்மையான வேலை, உண்மையான சம்பளம். 1800-ல் டேனிஷ் ஆட்சியிலிருந்த செராம்பூருக்கு மாறினார். அவர் கதையில் எல்லோரும் தாண்டிப்போகும் பக்கம் ஒன்று உண்டு: வர மனமில்லாமல் வந்த மனைவி டாரதி, 1794-ல் இறந்த சிறுவன் பீட்டர், அதன்பின் குலைந்துபோன அந்தத் தாயின் மனம்.

மொழி கற்க நேரம்

வேலை வழியின் உண்மையான விலை இங்கே தெரியும். ஆங்கிலம் பேசுபவர் ஜப்பானியம், சீனம், கொரியம், அரபு போன்ற மொழிகளில் தேற ஏறத்தாழ 2200 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு. வாரம் 25 மணி நேரம் படித்தால் 88 வாரம், இரண்டு வருடத்துக்குள். முழுநேர வேலை பார்த்து வந்து வாரம் 5 மணி நேரம் படித்தால் எட்டரை வருடம். நல்ல ஸ்தாபனங்கள் முதல் இரண்டு வருடம் வேறு பொறுப்பே தராது, மொழி மட்டும்தான். சபை அனுப்பினால் ஆறாம் மாதமே, எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று கேட்டுக் கடிதம் வரும். மொழிக்கான இரண்டு வருடத்தைச் சபைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுவது இதற்கு மருந்து. மனைவிக்கும் அதே அளவு வகுப்பு நேரம் என்று சேர்த்து எழுதுங்கள்.

பிள்ளைகள்

குடும்பங்கள் திரும்பி வருவதற்கான காரணங்களில் பிள்ளைகளின் படிப்பு எப்போதும் முன்னணியில் நிற்கும். உள்ளூர்ப் பள்ளி, வீட்டுக் கல்வி, சர்வதேசப் பள்ளி, மிஷனரி பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி என்று நான்கு உண்டு. விடுதிப் பள்ளி மரபு பழையது. 1881-ல் சீனாவில் செஃபூ பள்ளி, 1906-ல் கென்யாவில் ரிஃப்ட் வேலி அகாடமி. செஃபூ பிள்ளைகள் இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் காவலில் 1945 வரை பெற்றோரைப் பிரிந்து இருந்தார்கள். அமைதிக் காலத்திலும் ஆறு வயதுப் பிள்ளையை விடுதியில் விடுவதை இன்று பலர் விரும்புவதில்லை. அது சரியான தயக்கம்.

பத்து வயதுவரை உள்ளூர்ப் பள்ளியே நல்லது என்பது எங்கள் கணிப்பு. மொழி தானாக வரும், பெற்றோருக்கும் அக்கம்பக்கம் திறக்கும். அதன்பின் கேள்வி எந்த நாட்டில் கல்லூரி என்பது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குள் இதைத் தீர்மானிக்க வேண்டும். சர்வதேசப் பாடத்திட்டங்களின் கடைசிக் கட்டங்கள் இரண்டு இரண்டு வருடத் தொகுப்பு. நடுவில் மாறினால் ஒரு வருடம் போகும். வீட்டுக் கல்விக்குப் போகுமுன் சட்டம் பாருங்கள். ஜெர்மனியில் அதற்கு அனுமதி இல்லை. வீட்டுக் கல்வியின் முழுச் சுமையும் தாயின் தலையில் விழுந்தால், மேலே சொன்ன மொழி வகுப்பு நேரம் காணாமல் போகும்.

கட்டணம் யார் தருவது? ஸ்தாபன பட்ஜெட்டில் தனித் தலைப்பாக இருக்கும். வேலை வழியில் நியமனக் கடிதத்தில் எழுதி வாங்கலாம். சபை பட்ஜெட்டில் பெரும்பாலும் மறந்திருப்பார்கள். பிள்ளைக்கு இரண்டு வயதாக இருக்கும்போது போட்ட கணக்கு அது.

யார் கவனிப்பது

ஸ்தாபனத்தில் மனநலப் பரிசோதனை, சிறார் பாதுகாப்பு விதி, வருடாந்தர விசாரிப்பு இருக்கும். கூடவே ஒத்துப்போகாத குழுத் தலைவரும் தூரத்திலிருந்து வரும் இடமாற்ற உத்தரவும் இருக்கும். இதை லேசாக எடைபோடாதீர்கள்; மிஷனரிகள் மிஷனரிகளாலேயே மனமுடைந்து திரும்புவது உண்டு. சேருமுன் அந்தப் பணித்தளத்தை விட்டு விலகிய ஒரு குடும்பத்திடம் பேசுங்கள்.

சபைக்கு அன்பு அதிகம், அனுபவம் குறைவு. ஜெபக் கடிதத்தை வைத்தே நிலைமையை அறிவார்கள். ஜெபக் கடிதத்தில் யாரும் தாம்பத்தியச் சண்டையை எழுதுவதில்லை. வருடம் ஒருமுறை இருவர் நேரில் போய் ஒரு வாரம் தங்குவதற்குப் பணம் ஒதுக்காத சபை, அனுப்பத் தயாரான சபை அல்ல. வேலை வழியில் போகிறவரைக் கவனிக்க எவரும் இல்லை.

காகிதங்களில் மூன்று வழிக்கும் வேறுபாடு குறைவு. பிறப்பு, திருமண, கல்விச் சான்றுகளுக்கு 1961 ஹேக் உடன்படிக்கை நாடானால் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று நம் அரசு தரும் அத்தாட்சி) போதும், இல்லையென்றால் தூதரகச் சான்று. காவல்துறைச் சான்று சில மாதமே செல்லும், கடைசியில் எடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லுபடியாகும். 2016 முதல் ஆயுளுக்கும் அது போதும். பெற்றோர் இருவருக்கும் ஏதாவது ஆனால் பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் யார் என்று உயிலில் எழுதாமல் கிளம்பாதீர்கள்.

சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஸ்தாபன வழியை முதலில் பாருங்கள். மதப் பணிக்கு மூடிய நாடானால், கையில் உண்மையான தொழில் இருப்பவர் வேலை விசாவில் போகலாம்; ஆனால் ஒரு ஸ்தாபனத்திலும் உறுப்பினராக இருந்து, சம்பளத்தில் ஒரு பங்கை அதன் காப்பீட்டுக்கும் கவனிப்புக்கும் கட்டுவது நல்லது. சபை மட்டும் அனுப்புவது, அந்தப் பக்கம் ஏற்கெனவே அறிந்த ஒரு சபை அழைக்கும்போது மட்டுமே. எந்த வழியானாலும் வீடு இருந்தால் இப்போது விற்காமல் வாடகைக்கு விடுங்கள். முதல் விசா புதுப்பித்தல் முடிந்து, பிள்ளைகள் இரண்டாம் வருடப் பள்ளியையும் முடித்த பிறகு விற்பதைப் பற்றிப் பேசலாம்.