பழைய சோபாக்களை அகற்றித் தரும் சேவை: ஒரு மதிப்பீடு

2000-களின் தொடக்கத்தில் வாங்கிய சோபாவையும் மெத்தை வைத்த நாற்காலிகளையும் அப்புறப்படுத்த, நச்சு வேதிப்பொருள் கலந்த இருக்கைகளைத் தனியாகக் கையாள்வதாகச் சொல்லும் ஒரு சேவையை அமர்த்தினோம். வேகத்தையும் கட்டணத்தையும் மட்டும் பார்த்து இத்தகைய சேவையை எடைபோட முடியாது. உள்ளிருக்கும் நுரை உதிராமல் வீட்டைவிட்டுப் போனதா, கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பவற்றையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

பாலியூரிதேன் நுரை எளிதில் தீப்பற்றும் என்பதால், பென்டாபிடிஇ போன்ற புரோமின் சார்ந்த தீத்தடுப்புப் பொருள்களைத் தயாரிப்பாளர்கள் பல்லாண்டுகள் அதில் கலந்துவந்தனர். உறைத்துணியின் பின்பூச்சில் அதே வகையைச் சேர்ந்த டெகாபிடிஇ இடம்பெற்றதும் உண்டு. இவை நுரையோடு வேதிப்பிணைப்புக் கொள்ளாமல் வெறுமனே கலந்திருப்பதால், காலப்போக்கில் வெளியேறி வீட்டுத் தூசியில் படிகின்றன. தைராய்டு ஹார்மோனின் செயல்பாட்டைக் குலைக்கக்கூடிய இந்தத் தூசி, தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்குள்தான் அதிகமாகச் செல்கிறது. எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பென்டாபிடிஇ-யின் முக்கியக் கூறுகளை 2009-லும் டெகாபிடிஇ-யை 2017-லும் ஒழிக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் அதற்கு முன் விற்பனையான இருக்கைகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன.

இந்தச் சேவையில் என்னை மிகவும் கவர்ந்தது, தொலைபேசியிலேயே அவர்கள் கேட்ட கேள்விகள். எந்த ஆண்டில் வாங்கியது, உறை எங்கேனும் கிழிந்திருக்கிறதா, குஷனுக்கு அடியில் உள்ள சீட்டில் என்ன அச்சிடப்பட்டிருக்கிறது என்று விசாரித்தார்கள். சீட்டில் டிபி 117 (அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் பழைய தீப்பாதுகாப்புத் தரம்) என்று மட்டும் இருந்தால், நுரையில் தீத்தடுப்புப் பொருள் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. சீட்டே இல்லாத பழைய இருக்கையையும் அப்படியே கருத வேண்டும் என்று அவர்கள் சொன்னது சரியான அணுகுமுறை. வந்த பணியாளர்கள் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, கிழிசல்களை ஒட்டி, இருக்கை முழுவதையும் தடித்த பிளாஸ்டிக் தாளால் சுற்றிய பிறகே நகர்த்தினார்கள். சிதறிய தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தார்கள். குப்பையை அழுத்தி நசுக்கும் லாரியைத் தவிர்த்துச் சாதாரணச் சரக்கு வண்டியைக் கொண்டுவந்ததும் பாராட்டுக்குரியது. நசுக்கினால் நுரை பொடிந்து, உடன் இருக்கும் மற்றக் கழிவுகளிலும் நஞ்சு கலந்துவிடும்.

குறை, சேருமிடத்தைப் பற்றிய பதிலில்தான் இருந்தது. முதலில் "முறையாக அகற்றிவிடுவோம்" என்ற பொதுவான சொல்லே கிடைத்தது. எழுத்தில் வற்புறுத்திக் கேட்ட பிறகுதான், உயர்வெப்ப எரியுலைக்கு அனுப்பியதற்கான ரசீது வந்தது. இந்த விவரத்தைக் கேட்காமலே தந்திருக்க வேண்டும். ஏனெனில் இத்தகைய நுரையைத் திறந்தவெளியில் கொளுத்தினால் புரோமின் சேர்ந்த டையாக்சின்கள், ஃபியூரான்கள் என்னும் கொடிய நச்சுப் பொருள்கள் உருவாகின்றன. ஐரோப்பிய ஒன்றிய விதிகள் கழிவு எரியுலைகளின் புகை குறைந்தது 850 டிகிரி செல்சியஸில் 2 விநாடிகள் இருக்க வேண்டும் என்று வரையறுப்பது, நச்சுப் பொருள்கள் முழுமையாகச் சிதைய வேண்டும் என்பதற்காகவே. இங்கிலாந்தில் 2023 தொடக்கத்திலிருந்து, இவ்வகை நஞ்சுகள் கலந்த கழிவு இருக்கைகளை நிலத்தில் புதைக்கவோ மறுசுழற்சிக்கு அனுப்பவோ அனுமதியில்லை. மற்றக் கழிவுகளோடு கலக்காமல் எரியுலைக்கே அனுப்ப வேண்டும்.

பார்வைக்கு நன்றாக இருந்த ஒரு நாற்காலியைப் பழைய பொருள் விற்பவரிடம் கொடுக்கலாம் என்று ஒரு பணியாளர் யோசனை சொன்னார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான் என்றாலும், அதை நான் ஏற்கவில்லை. வேறொரு வீட்டின் குழந்தை அந்தத் தூசியில் விளையாடும், அல்லது நுரை துண்டாக்கப்பட்டுத் தரைவிரிப்பின் அடித்தளமாக மாறி மீண்டும் ஒரு வீட்டுக்குள் நுழையும். பழைய நுரை இவ்வாறு மறுபயன்பாட்டுக்குச் சென்றது பல நாடுகளில் உண்மையாகவே நடந்திருக்கிறது.

சாதாரணக் குப்பை வண்டியைவிடக் கட்டணம் கூடுதல்தான். கையாண்ட விதத்துக்கு அது தகும். அடுத்த முறையும் இவர்களையே அழைப்பேன், ஆனால் எந்த எரியுலைக்குச் செல்கிறது என்பதை எழுத்தில் பெற்ற பிறகே இருக்கைகளை வண்டியில் ஏற்ற விடுவேன்.